நார்டிக் நாடுகள்ல இந்தக் காலத்து ரிஸ்க்கெல்லாம் யார் கணக்குல வருது? அங்க இருக்கிறவங்க வாங்க, பேசலாம்

#1 ஹிசிங்கன்காரி (கோதன்பர்க், ஸ்வீடன்)

போன வாரம் வேற ஒரு இழையில ஒருத்தர் "ஸ்வீடன்ல குடியேறினாப் போதும், சாகுற வரைக்கும் கவர்மெண்டே பாத்துக்கும்"னு எழுதியிருந்தார். நான் 14 வருஷமா இங்க இருக்கேன், ரெண்டு பிள்ளை பெத்தேன், ஒரு தடவை வேலை போச்சு, நாற்பதைத் தாண்டினப்புறம் திரும்ப கிளாஸ்ல போய் உக்காந்தேன். அவர் சொன்னது பாதி சரி. அந்த மீதிப் பாதியைப் பேசத்தான் இந்த இழை.

பழைய நலத்திட்டமெல்லாம் யாரை மனசுல வச்சுப் போட்டது? ஃபேக்டரிக்குப் போற ஆம்பளை, வீட்டைப் பாத்துக்கிற மனைவி, ஒரே கம்பெனியில முப்பது நாற்பது வருஷம். வயசாகும், நோய் வரும், மெஷின்ல கை மாட்டும், இல்ல வேலை போகும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு காப்பீடு. இப்ப நமக்கு விழுற அடி வேற மாதிரி. ரெண்டு பேரும் வேலைக்குப் போனா ஒரு வயசுக் குழந்தையை யார்கிட்ட விடுறது, பிரிஞ்சுட்டா ஒத்தைச் சம்பளத்துல எப்படி ஓட்டுறது, 45 வயசுல கத்த தொழிலே இல்லாமப் போனா என்ன பண்றது, இன்னைக்கு வா நாளைக்கு வேணாம்னு மணிக்கணக்குல கூப்பிடுற வேலையில இருக்கிறவனுக்கு எந்தக் காப்பீடு? ஆராய்ச்சி பண்றவங்க இதையெல்லாம் சேர்த்து புது சமூக ரிஸ்க்னு சொல்றாங்க.

இதுல குழந்தை விஷயத்துல மட்டும் ஸ்வீடன் மத்தவங்களுக்கு ரொம்ப முன்னாடியே முழிச்சுக்கிச்சு. 1971-ல புருஷன் பொண்டாட்டிக்குத் தனித்தனியா வரி, அதனால மனைவி வேலைக்குப் போனா வரி ஏறிடும்ங்கிற பயம் போச்சு. 1974-ல உலகத்துலயே முதல் தடவையா பிரசவ லீவை அப்பா அம்மா ரெண்டு பேருக்குமான காப்பீடா மாத்தினாங்க. இப்ப ஒரு குழந்தைக்கு 480 நாள். அதுல 90 நாள் அப்பாவுக்கு மட்டும், 90 நாள் அம்மாவுக்கு மட்டும், எடுக்கலைன்னா அது போச்சு, மத்தவங்களுக்கு மாத்த முடியாது. 1974-ல அப்பாக்கள் எடுத்தது மொத்த நாள்ல அரை சதவீதம் கிட்ட, இப்ப 30 சதவீதம் கிட்ட. 1995-ல ஒரு மாசம், 2002-ல இன்னொண்ணு, 2016-ல மூணாவதுன்னு ஒவ்வொரு மாசமா கட்டிப் போட்டுத்தான் இந்த மாற்றம் வந்துச்சு, உபதேசத்துல வரல.

எங்க வீட்ல எப்படின்னா, பிப்ரவரி மாசம், காலைல 6:40, வெளிய கும்மிருட்டு, சின்னவ நெத்தியில கை வச்சா கொதிக்குது. ரெண்டு பேரும் சமையல்கட்டுல நின்னு காலண்டரைப் பாக்குறோம், அவருக்கு மீட்டிங், எனக்கு ஷிப்ட், போன தடவை நான் எடுத்தேன் இந்தத் தடவை நீங்கன்னு பேசி முடிக்க ரெண்டு நிமிஷம். அவர் ஆபீஸுக்கு ஒரு வரி மெசேஜ் போட்டுட்டு சமூகக் காப்பீட்டு ஆப்ல பதிஞ்சார், அவ்வளவுதான். சம்பளத்துல 80 சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மியா வரும், உச்சவரம்பு உண்டு, பிள்ளைக்கு 12 வயசு ஆகுற வரைக்கும் வருஷத்துக்கு 120 நாள் வரைக்கும் எடுக்கலாம். இதுக்குப் பேர் வாப். பிப்ரவரியில எல்லா டாகிஸ்லயும் (பகல்ல பிள்ளைங்களைப் பாத்துக்கிற இடம்) காய்ச்சல் சுத்துறதால அந்த மாசத்தையே "வாப்ருவாரி"ன்னு கூப்பிடுறாங்க.

சரி, இப்ப என் கேள்வி. நான் வேலை பாக்குற இடத்துல ஒரு பொண்ணு இருக்கா, மணிக்கணக்கு வேலை, எஸ்எம்எஸ் வந்தா ஷிப்ட், வராட்டி இல்ல. அவ பிள்ளைக்கும் அதே காய்ச்சல்தான். ஏற்கெனவே எழுதி வச்ச ஷிப்டா இருந்தா அவளுக்கும் வாப் உண்டு. ஆனா காய்ச்சல்னு தெரிஞ்சப்புறம் யாரும் எஸ்எம்எஸ் அனுப்ப மாட்டாங்க, வராத ஷிப்டுக்கு எதைக் காட்டி வாப் கேப்பா? நலத்திட்டம் மனுஷனைப் பாதுகாக்குதுன்னு சொல்றோம், நான் பாத்த வரைக்கும் அது மொதல்ல கணக்கைத்தான் பாக்குது. இத்தனை மணி நேரம், இத்தனை வருஷம், இந்தச் சம்பளம். நம்ம வாழ்க்கை அந்தக் கணக்குல உக்காந்தா சொர்க்கம். உக்காராதவங்களுக்காக அந்தக் கணக்கை மாத்துறாங்களா, எந்த நாடு மாத்துது? அங்கங்க இருக்கிறவங்க சொல்லுங்க.

#2 வைகைக்கரை (மதுரை)

நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. இதெல்லாம் காசு இருக்கிற நாட்டுக் கதை இல்லையா? நார்வேல எண்ணெய், கொஞ்சப் பேர்தான் ஜனம். பாதிச் சம்பளத்தை வரியா புடுங்கிட்டு அதுல ஒரு பங்கைத் திருப்பித் தர்றதுல என்ன பெருமை?

#3 ஹிசிங்கன்காரி

தப்பா எடுத்துக்க என்ன இருக்கு, எல்லாரும் கேக்குறதுதான். ஸ்வீடன்ல எண்ணெய் கிடையாது, டென்மார்க்ல இருக்கிறது நார்வேயைவிட ரொம்பக் கம்மி, ஃபின்லாந்துல காடுதான். என் சம்பளத்துல முனிசிபாலிட்டி வரி 32 சதவீதம் கிட்ட, அதுக்கு மேல முதலாளி 31.42 சதவீதம் தனியா கட்டுறார், கடையில எதை வாங்கினாலும் பெரும்பாலும் 25 சதவீதம் வாட். நிறையத்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா டாகிஸ் ஃபீஸைப் பாருங்க. 2002-ல உச்சவரம்பு போட்டாங்க, முதல் பிள்ளைக்கு வீட்டு வருமானத்துல 3 சதவீதம், ரெண்டாவதுக்கு 2, மூணாவதுக்கு 1, அதுக்கு மேல இலவசம், எவ்வளவு சம்பாதிச்சாலும் முதல் பிள்ளைக்கு மாசம் 1,700 குரோனர் கிட்டதான். ஒரு வயசானதும் இடம் கேட்டா நாலு மாசத்துக்குள்ள முனிசிபாலிட்டி குடுத்தாகணும். அதனால என்னை மாதிரி ஆளுங்க வேலைக்குப் போறோம், போறதால வரி கட்டுறோம், அந்த வரியிலதான் டாகிஸ் ஓடுது. பிள்ளையைப் பாத்துக்க ஆள் இல்லைன்னு நான் வீட்லயே இருந்திருந்தா ஒரு வரிக்காரி குறைஞ்சிருப்பா.

இன்னொண்ணு, இவங்க எப்பவும் காசுல மெதந்துட்டு இருந்தவங்க இல்ல. ஸ்வீடன்ல 1990-ல 2 சதவீதத்துக்கும் கீழ இருந்த வேலையில்லாத் திண்டாட்டம் மூணே வருஷத்துல 8-ஐத் தாண்டிச்சு, 1992 செப்டம்பர்ல மத்திய வங்கி வட்டியை 500 சதவீதத்துக்கு ஏத்தினாங்க, குரோனரைக் காப்பாத்த, அதுவும் நடக்கல. அந்த அடிக்கு அப்புறம்தான் அஞ்சு கட்சி சேர்ந்து பென்ஷனையே மாத்தினாங்க. சம்பளத்துல 18.5 சதவீதம் பென்ஷனுக்கு, அதுல 2.5 உங்க பேர்லயே முதலீடு. பொருளாதாரம் படுத்தா பென்ஷனும் தானாக் கொஞ்சம் குறையும், 2010-ல அந்த பிரேக் நிஜமாவே விழுந்துச்சு. வருஷா வருஷம் ஆரஞ்சு கலர் கவர் வரும், உனக்கு இவ்வளவுதான்னு. பகுதி நேரமா வேலை பாத்த பொம்பளைங்க அந்தக் கவரைப் பிரிக்கும்போது முகம் வாடுறதை நான் பாத்திருக்கேன்.

#4 யூலாண்ட்_அக்கா (டென்மார்க்)

தங்கச்சி, நீங்க எழுதின "கணக்கு" எண்ட சொல் எனக்கு நெஞ்சில குத்தினது, அதுதான் எழுதுறன்.

நான் 88-ல இஞ்ச வந்தனான், 24 வயசு. வைகைக்கரைத் தம்பிக்கும் ஒரு கதை சொல்லோணும். அந்த நேரம் நீதி அமைச்சரா இருந்தவர் ஏரிக் நின்-ஹான்சன். அகதியா வந்த எங்கட சனத்தின்ர மனைவி பிள்ளையளைக் கூப்பிடுற விண்ணப்பங்களைத் தொடாமல் கிடப்பில போடச் சொன்னவர், சட்டத்துக்கு விரோதமா. விசாரணை அறிக்கை 93 ஜனவரியில வந்தது, பிரதமர் ஷ்லூத்தர் ராஜினாமா செய்தார். டெனிஷ்காரர் இண்டைக்கும் அதைத் "தமிழ் வழக்கு" எண்டுதான் சொல்லுறவை. ஏன் இதை இஞ்ச எழுதுறன் எண்டால், அதுக்குப் பிறகு வந்த நூருப் ராஸ்முசன் அரசாங்கம்தான் 94-ல தொழில் சந்தைச் சீர்திருத்தம் கொண்டு வந்தது, உலகம் முழுக்க ஃப்ளெக்ஸிகியூரிட்டி எண்டு இப்ப படிக்கிறது அதைத்தான். எங்கட வீட்டுக் கண்ணீரும் இந்த நாட்டுக் கொள்கையும் அடுத்தடுத்த வருசத்தில சந்திச்சது.

அது என்னெண்டால், முதலாளி ஆளை லேசா நிப்பாட்டலாம், ஆனா வேலையில்லாக் காப்பீட்டில சேர்ந்திருந்தால் நிப்பாட்டினவருக்கு டாக்பெங்க எண்ட காசு வரும், திரும்ப வேலை எடுக்க கொம்யூன் (முனிசிபாலிட்டி) ஓடித் திரிஞ்சு கோர்ஸ், பயிற்சி எல்லாம் தர வேணும். அந்த நேரம் 12 வீதம் பேருக்கு வேலை இல்லை. அப்ப டாக்பெங்க ஏழு வருசம். பிறகு குறைச்சுக் குறைச்சு நாலு வருசம், 2010-ல ரெண்டு வருசமாக்கிப் போட்டினம். லேசா நிப்பாட்டுறது அப்பிடியே இருக்கு, விழுந்தால் தாங்குற வலை மட்டும் சின்னனாப் போச்சு. நெருக்கடி நேரம் பல பத்தாயிரம் பேர் காசு முடிஞ்சு வெளியில விழுந்தவை.

நல்லதும் சொல்லோணும். 2018 ஒக்டோபரில இருந்து கணக்கை மாத்தினவை. நீ தொழிலாளியோ சொந்தத் தொழிலோ எண்டு ஆளைப் பாத்து முத்திரை குத்தாமல், என்னென்ன வேலையில என்ன உழைச்சாய் எண்டு எல்லாத்தையும் சேர்த்துப் பாக்கிறது. கொஞ்ச நேரம் கடையில, கொஞ்ச நேரம் சொந்தமா, அப்பிடி ஓடுற இளம் ஆக்களுக்கு அது பெரிய உதவி. நீங்கள் கேட்ட கேள்விக்கு அதுதான் எங்கட பக்கத்துப் பதில்.

#5 ஹிசிங்கன்காரி

அக்கா, 93-க்கும் 94-க்கும் இடையில இப்படி ஒரு முடிச்சு இருக்கும்னு நான் யோசிச்சதே இல்ல. நீங்க வீட்டுப் பராமரிப்பு வேலைதானே பாக்குறீங்க, வேற இழையில எழுதியிருந்தீங்க. முதியவங்க விஷயம் அங்க எப்படி?

#6 யூலாண்ட்_அக்கா

ஓம், 26 வருசமா அந்த வேலைதான். ஃப்ரெடெரிசியா எண்டு ஒரு ஊர், 2008-ல அந்தக் கொம்யூன் ஒரு முறை தொடங்கினது. முந்தி ஒரு அம்மாவுக்குக் குனிஞ்சு சொக்ஸ் போட ஏலாது எண்டால் நாங்கள் ஒவ்வொரு நாளும் காலமை போய்ப் போட்டு விடுவம். இப்ப முதல் சில கிழமை அவவுக்கே பழக்கிறது. பிளாஸ்டிக்கில ஒரு வளைஞ்ச தகடு, ரெண்டு பக்கமும் நாடா, சொக்ஸைத் தகட்டில மாட்டி நிலத்தில போட்டு, காலை விட்டு நாடாவை இழுத்தால் ஏறும். என்ர ஒரு ஆள், 84 வயசு, முதல் கிழமை என்னோட கோவிச்சுக் கதைக்காமல் இருந்தவ, நாலாம் கிழமை தானே போட்டுக்கொண்டு கதவைத் திறந்து காலை நீட்டிக் காட்டினா. எனக்கு அழுகை வந்திட்டுது. 2015-ல இதை நாடு முழுக்கச் சட்டமாக்கினவை, பழக்கினால் தானாச் செய்வார் எண்டு தெரிஞ்சால் கொம்யூன் முதல் இப்பிடிப் பழக்க முன்வர வேணும் எண்டு.

ஆனா தங்கச்சி, எல்லாருக்கும் இது சரி வராது. மறதி நோய் வந்தவருக்கு என்னத்தைப் பழக்கிறது? அவருக்குத் தேவை பக்கத்தில ஒரு மனிசர். ரெண்டையும் ஒரே தட்டில வைக்கிறது பிழை எண்டு நான் கூட்டத்திலயே எழும்பிச் சொன்னனான்.

கணக்கு எண்டு சொன்னீங்கள், என்ர கணக்கைக் கேளுங்கோ. இஞ்ச பென்சன் வயசு ஏறிக்கொண்டே போகுது, 2040-ல 70 ஆக்கிறதுக்கு 2025 மே மாதம் பாராளுமன்றத்தில வாக்கெடுத்தவை. உடம்பு உடைஞ்சு உழைச்ச ஆக்களுக்காக வேளைக்கே போற பென்சன் ஒண்டு 2022-ல தொடங்கினது, "ஆர்ன பென்சன்" எண்டு சொல்லுவினம், பியர் ஃபெக்டரியில வேலை செய்த ஒருவரின்ர படத்தைப் போட்டுப் பிரச்சாரம் செய்தபடியால் அந்தப் பேர். 61 வயசில 42 வருசம் உழைப்புக் கணக்கில இருந்தால் ஒரு வருசம் முந்திப் போகலாம், 44 எண்டால் மூண்டு வருசம். எனக்கு இப்ப 61. முழங்கால் ரெண்டும் போச்சு, 26 வருசம் ஆக்களைத் தூக்கின முழங்கால். என்ர கணக்கு 34. நான் இந்த நாட்டுக்கு வந்ததே 24 வயசில, எனக்கு எப்பிடி 42 வரும்? ஒருத்தரும் எங்களை விலத்த எண்டு எழுதேல்லை, ஆனா அந்த எண்ணைப் போடேக்க பதினாறு வயசில பக்கத்து ஊர்ப் பட்டறைக்குப் போன ஒரு டெனிஷ்காரரைத்தான் மனசில வச்சவை. சீனியர் பென்சன் எண்டு இன்னொண்டு இருக்கு, அதுக்கு 20–25 வருசம் போதும், ஆனா இனி வேலை செய்யிற பலம் இல்லை எண்டு காட்டோணும். நான் ஏலும் எண்டு சொல்லிச் சொல்லியே வாழ்ந்தனான், ஏலாது எண்டு நிரூபிக்கிறது லேசில்லை.

#7 வைகைக்கரை

அக்கா, உங்க கடைசிப் பத்தியை ரெண்டு தடவை படிச்சேன். என் முதல் கேள்வியோட தொனிக்கு மன்னிச்சுக்கோங்க. எங்கம்மாவும் 61 தான்.

#8 குரூருட்டால்_தம்பி (ஒஸ்லோ, நோர்வே)

வணக்கம் எல்லாருக்கும். அப்பா அம்மா ஃபின்மார்க்கில மீன் ஃபெக்டரியில வேலை செய்தவை, நான் பிறந்தது அங்க, வளர்ந்தது ஒஸ்லோ. படிக்கேக்க சைக்கிளில சாப்பாடு கொண்டு போய்க் குடுத்தனான், பிங்க் கலர் ஜாக்கெட். 2019 ஓகஸ்டில ஃபூடோரா எண்ட அந்தச் சாப்பாட்டுக் கொம்பனி ஆக்கள் ஸ்ட்ரைக் தொடங்கினவை, அஞ்சு கிழமைக்கு மேல போனது. கேட்டது பெரிசா ஒண்டுமில்லை, கூட்டு ஒப்பந்தம். சைக்கிள் உன்ர, ஃபோன் உன்ர, பனியில ஆணி வச்ச டயர் வேணும் அதுவும் உன்ர, ப்ரேக் கட்டை தேய்ஞ்சால் உன்ர காசு. ஒப்பந்தம் வந்த பிறகு சாமானுக்குக் காசு, குளிர்காலத்துக்கு மேலதிகமா ஒரு தொகை. சட்டம் வந்து தரேல்லை, ஃபெல்லெஸ்ஃபர்புண்டெட் யூனியனோட நிண்டு அவையள் எடுத்தது. இந்த நாடுகளில குறைஞ்சபட்சச் சம்பளம் எண்டு பொதுவான சட்டமே இல்லை, எல்லாம் ஒப்பந்தம்தான், அதால ஒப்பந்தத்துக்கு வெளிய நிண்டால் கன துறைகளில ஒண்டும் இல்லை. ஹிசிங்கன் அக்கா சொன்ன கணக்கில ஏறுறது எண்டால் இஞ்ச முதல் படி யூனியன்.

பிள்ளையள் விசயத்தில நோர்வே ரெண்டு மனசா நிண்டது. 1993-ல அப்பாக்களுக்கு நாலு கிழமை ஒதுக்கின முதல் நாடு, அதே நாடு 1998-ல பர்னஹாகேக்கு (இஞ்சத்த டாகிஸ்) விடாமல் வீட்டில வச்சுப் பாத்தால் காசு எண்டு கொண்டு வந்தது. போகப் போக அந்தக் காசை எடுத்ததில வெளிநாட்டுத் தாய்மாரின்ர பங்கு கூடினது. எங்கட மாடியில இருந்த ஒரு அன்ரி மூண்டு பிள்ளைக்கும் அதை எடுத்து வீட்டில இருந்தவ, பிறகு வெளிக்கிடேக்க மொழி இல்லை, வேலைக் கணக்கு இல்லை. இப்ப அதை 13 முதல் 19 மாசப் பிள்ளையளுக்கு மட்டும் எண்டு சுருக்கிப் போட்டினம், பர்னஹாகே உச்சக் கட்டணத்தையும் 2025 ஓகஸ்டில மாசம் 1,200 குரோனராக் குறைச்சவை. இது எவ்வளவோ நல்லது, அந்த அன்ரிக்குப் பிந்திப் போச்சு.

இன்னொண்டு சொல்லாமல் விட ஏலாது. 2019 ஒக்டோபரில வெளிவந்தது, நாவ் எண்ட அரசாங்க நலத்துறை பல வருசமா ஐரோப்பியச் சட்டத்தைப் பிழையா விளங்கி, நோய்க் காசு எடுத்துக்கொண்டு வேற ஐரோப்பிய நாட்டுக்குப் போய் வந்தவையை மோசடி எண்டு பிடிச்சது. சிலர் ஜெயிலுக்கே போனவை, அப்பாவிகள். கவர்மெண்ட் பாத்துக்கொள்ளும் எண்டால், கவர்மெண்ட் பிழையாப் பாத்தாலும் எங்களுக்குத்தான் விழும்.

#9 தம்பரே_கோவைக்காரன் (ஃபின்லாந்து)

இங்க நிலைமை இப்ப எதிர்த் திசையில போகுதுங்க. எல்லாருக்கும் ஃபின்லாந்துன்னா அந்த அடிப்படை வருமானச் சோதனைதான் ஞாபகம், 2017-18ல வேலை இல்லாத 2,000 பேருக்கு மாசம் 560 யூரோ, நிபந்தனை கிடையாது. ரிசல்ட் என்னன்னா வேலைக்குப் போனது கொஞ்சமே கொஞ்சம் கூடிச்சு, ஆனா மன அழுத்தம் குறைஞ்சு, நம்பிக்கை கூடி இருந்துச்சு. அதோட முடிச்சுட்டாங்க. 2022-ல பெற்றோர் லீவை ரெண்டு பேருக்கும் 160, 160 நாள்னு சமமாக்கினது நெஜமாவே நல்ல காரியம். ஆனா 2024-ல பாருங்க, வேலையில்லாதவங்களுக்குப் பிள்ளைக்காகத் தர்ற கூடுதல் தொகை ஏப்ரல்ல போச்சு, பெரியவங்க படிக்கிறதுக்குத் தந்த உதவி ஆகஸ்ட்ல போச்சு, செப்டம்பர்லேர்ந்து பழைய சம்பளத்தை வச்சுத் தர்ற வேலையில்லாக் காசு எட்டு வாரத்துக்கு அப்புறம் படிப்படியாக் குறையும். கடன் அதிகம்னு சொல்றாங்க, கடன் இருக்கிறது உண்மைதானுங்க. ஆனா 42 வயசுல லேஆஃப் ஆன என் பக்கத்து சீட்டுக்காரர் நர்சிங் படிக்கலாம்னு இருந்தார், ஆகஸ்டோட அந்த யோசனையை விட்டுட்டார்.

குழந்தை பிறப்பும் ஏறல, 2010-ல ஒரு பெண்ணுக்கு 1.87, 2024-ல 1.25. லீவு மட்டும் குடுத்தா பிள்ளை பெத்துக்க மாட்டாங்க, நாளைக்கு என்னாகும்னு நம்பிக்கை வேணும்னு எனக்குத் தோணுது.

#10 ஹிசிங்கன்காரி

கோவைக்காரரே, நீங்க சொன்னதைப் படிச்சதும் என் கதையைச் சொல்லணும்னு தோணுச்சு. படிக்கிறதுக்கான உதவியை உங்க நாடு எடுக்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஸ்வீடன் குடுக்க ஆரம்பிச்சுது. 2022-ல யூனியனும் முதலாளிகளும் ஒரு பெரிய பேரம் பேசினாங்க, ஆளை நிறுத்துற சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினாங்க, பதிலுக்கு நடுவயசுல படிக்கப் போறவங்களுக்கு சம்பளத்துல 80 சதவீதம் வரைக்கும் உதவித்தொகை, உச்சவரம்பு உண்டு, 44 வாரம் வரைக்கும், 27 முதல் 62 வயசு வரை. கடைசி 14 வருஷத்துல 8 வருஷம் வேலை பாத்திருக்கணும்.

நான் துறைமுகத்துல சரக்குக் கப்பல் டாக்குமெண்டேஷன் பாத்துட்டு இருந்தேன். புது சிஸ்டம் வந்துச்சு, எங்க மேஜைங்க ஒண்ணொண்ணா காலியாச்சு. இந்த உதவிக்கு விண்ணப்பிச்சேன், முதியோர் பராமரிப்புப் படிப்புக்கு. விண்ணப்பம் மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு, வகுப்பு ஆரம்பிச்சு ஏழு வாரம் கழிச்சுதான் கிடைச்சுதுன்னு பதில் வந்துச்சு. அந்த ஏழு வாரம் சேமிப்புல ஓட்டினோம், வீட்டுக்காரர் சம்பளம் இருந்துச்சு, அதனால முடிஞ்சுது. தனியாப் பிள்ளை வளர்க்கிறவ அந்த ஏழு வாரத்தைத் தாண்டியிருக்கவே மாட்டா.

படிச்சு முடிச்சு இப்ப உண்டர்ஷோத்தெர்ஸ்கா, அதாவது உதவி நர்ஸ், 2023 ஜூலையிலேர்ந்து அது சும்மா யார் வேணா போட்டுக்கக்கூடிய பேர் இல்ல, சான்று வேணும். இந்த வேலையிலதான் அந்த எஸ்எம்எஸ் பொண்ணைப் பாத்தேன். கொரோனா கமிஷன் 2020 டிசம்பர்லயே முதியோர் இல்லங்கள்ல இவ்வளவு பேர் செத்ததுக்குப் பின்னாடி பல வருஷக் கோளாறு இருக்குன்னு எழுதிச்சு, நிரந்தரமில்லாத ஆளுங்களை நம்பி ஓட்டுறதும் அதுல ஒண்ணு. சின்ன இருமலுக்கு ஷிப்டை விட்டா அந்த நாள் கூலி போகும்னா அவ மாஸ்க் போட்டுட்டு வரத்தான் செய்வா, அவளைக் குத்தம் சொல்ல முடியாது.

வேலையில்லாக் காப்பீட்டுல 2025 அக்டோபர்ல ஒரு மாற்றம் வந்திருக்கு. முன்னாடி மாசம் 60 மணி நேரம், ஆறு மாசம்னு மணியை எண்ணுவாங்க, இப்ப வருமானத்தை எண்ணுறாங்க. ஒரு மாசம் நிறைய ஒரு மாசம் கம்மின்னு வேலை பாக்குறவங்களுக்கு இது நல்லது. ஆனா அதே சட்டத்துல நாள் போகப் போக தொகை சீக்கிரமே குறையவும் செய்யும். ஒரு கையால கதவைத் திறந்துட்டு இன்னொரு கையால படியை எடுத்துட்டாங்க.

#11 நர்ஸ்_நாகர்கோவில்

நான் அமைதியா படிச்சிட்டு இருந்தேன். அடுத்த மாசம் டென்மார்க்ல வேலைக்குச் சேரப் போறேன், ஒரு வருஷ காண்ட்ராக்ட், மகனும் கூட வர்றான், நாலு வயசு. இந்த ஆ-காசா (வேலையில்லாக் காப்பீட்டு நிதி), டாக்பெங்க எல்லாம் சம்பளத்துலேர்ந்து தானாப் பிடிச்சுடுவாங்களா? இல்ல நானே எதாவது பண்ணணுமா?

#12 யூலாண்ட்_அக்கா

பிள்ளை, தானாப் பிடிக்க மாட்டினம். அதைத்தான் கன பேர் நினைச்சு ஏமாறுறவை. வரி தானாப் போகும், ஆனா வேலையில்லாக் காப்பீடு நீங்களே போய்ச் சேர வேணும், மாசாமாசம் கட்ட வேணும். டாக்பெங்க எடுக்க குறைஞ்சது ஒரு வருசம் உறுப்பினரா இருக்கோணும், அதோட வருமானக் கணக்கும் பாப்பினம். உங்கட காண்ட்ராக்டே ஒரு வருசம், அப்ப மூண்டு மாசம் கழிச்சுச் சேருவம் எண்டு விட்டீங்களோ, முடியிற அண்டைக்கு ஒன்பது மாசம்தான் நிக்கும். நீங்கள் வெளிநாட்டில இருந்து வாறபடியால் உங்கட பெர்மிட் காப்பீட்டுக்கு எப்பிடிப் பாப்பினம் எண்டும் சேரேக்கயே கேட்டு, பதிலை எழுத்தில வாங்குங்கோ.

#13 ஹிசிங்கன்காரி

அக்கா சொல்றதை அப்படியே கேளுங்க. ஸ்வீடன்லயும் அதே 12 மாசம்தான். 2007-ல இங்க அந்த ஃபீஸை ஏத்தினப்போ கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் விலகிட்டாங்க, 2008 கடைசியில நெருக்கடி வந்தப்போ அவங்கள்ல எத்தனையோ பேர் கையில ஒண்ணுமில்லாம நின்னாங்க.

அப்புறம் கொம்யூன்ல மகன் பேரைப் பதிஞ்ச உடனே பர்னஹேவுக்கு (டென்மார்க் டாகிஸ்) எழுதி வைங்க. ஷிப்ட் ரோஸ்டர் கைக்கு வந்ததும் அக்காவுக்கு அனுப்புங்க, காலைல 7 மணி ஷிப்டுக்கு அது எத்தனை மணிக்குத் திறக்கும்னு பாத்துச் சொல்லுவாங்க.

#14 யூலாண்ட்_அக்கா

ஓம், அனுப்புங்கோ. கன இடங்களில ஆறரைக்குத் திறப்பினம். எந்தக் கொம்யூன் எண்டும் எழுதுங்கோ, கிட்ட எண்டால் முதல் கிழமை நான் வந்து கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன். பெடியனுக்கு மழைக்குப் போடுற காற்சட்டை ஒண்டு வாங்க வேணும், அங்கயிருந்து கொண்டு வராதேங்கோ, இஞ்ச செக்கண்ட் ஹேண்ட் கடையில நல்லது இருக்கு.